பாசி முகமூடியும் சம்பந்தி வாட்ஸ்அப்பும்

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து மழை. மாடி அறை மூலையில் வாளி வைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் கட்டட கான்ட்ராக்டர். இந்தத் தீவில் மரைன் ஹில்லில் இருந்து சௌல்தாரி வரை எத்தனையோ பேருக்கு மாடி போட்டுக் கொடுத்தவர். சொந்த வீட்டு மாடி மட்டும் ஒழுகுகிறது. கேட்டால், "கடல்காத்துலா ஜெயா, கம்பி துருப்பிடிக்கத்தான் செய்யும்" என்பார். கடல்காற்று எங்கள் வீட்டை மட்டும் தேடி வருகிறது போல.

அப்பேர்ப்பட்டவர் இன்று வீடியோ காலில் ஜெர்மனியில் இருக்கும் ஒரு வீட்டைக் குறை சொன்னார். எங்கள் மகள் உமா வாடகைக்கு இருக்கும் வீடு. நர்சிங் பயிற்சிக்குப் போய் இது கடைசி வருடம். அந்த ஊர்ப் பெயரை நான் சொன்னால் தும்முவது போல இருக்கிறது என்று சிரிக்கிறாள். அதனால் இங்கேயும் எழுதப்போவதில்லை. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, நடுவில் மண்ணும் வைக்கோலும் அப்பிக் கட்டிய வீடு. நானூறு வருடம் ஆகிறதாம்.

"ஏ உமா, போனை நேராப் பிடி."

"நேராத்தான்ப்பா பிடிச்சிருக்கேன். வீடுதான் சாஞ்சிருக்கு."

இவருக்கு வியர்த்துவிட்டது. உடனே ஒரு நூலில் சாவியைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடச் சொன்னார். சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை வாராவாரம் அளந்து சொல்ல வேண்டுமாம். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, இது இந்தியப் பூஜையா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம் உமா.

நவம்பர் 14, வியாழன்

தூத்துக்குடியிலிருந்து, உமாவுக்குப் பார்த்திருக்கும் பையனின் அம்மா விஜயலட்சுமி மதினி பேசினார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது! பையன் அருண்பிரசாத், பெங்களூரில் வேலை. ஒரே பையன். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணம் மே மாதமே முடிந்துவிட வேண்டும்; பெண் படிப்பை அத்தோடு நிறுத்திக்கொண்டு பெங்களூர் வந்துவிட வேண்டும்.

உமாவிடம் சொன்னேன். நெட்வொர்க் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். அப்புறம் சொன்னாள்: "உங்க இஷ்டம்மா."

தங்கமான பெண். யார் வளர்த்தது?

நவம்பர் 17, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். பெயர் 'சம்பந்தம்'. மதினி, அவர்கள் வீட்டு அண்ணாச்சி, அத்தை, சித்தப்பா, பையன், நாங்கள் இரண்டு பேர். எல்லாரும் காலை வணக்கம் போடுகிறார்கள். நான் அதோடு நிற்பேனா? உமா இருக்கும் ஊரின் பழைய கட்டடப் படங்களைத் தேடித் தேடி எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறேன்.

மரத் தூண்கள் மேல் நிற்கும் நகர மன்றம். அதற்குக் கீழே சந்தை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக வாங்கிச் சேமித்த களஞ்சியம்; கூரையே ஐந்து அடுக்கு. ஊர் வாசலில் ஒரு கோபுரம். முக்கியமாக, உமா வேலை பழகும் இடம் - ஆற்றங்கரையில் ஐந்நூறு வருடக் கல் கட்டடம். இது எங்கள் மகளின் ஆஸ்பத்திரி என்று எழுதிப் போட்டேன். ஐந்து பேரிடமிருந்து பதினோரு கைகூப்பல்கள் வந்தன.

ஆஸ்பத்திரி என்பது முழுப் பொய் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் பெயர். இப்போது அது முதியோர் இல்லம். உமா அங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுகிறாள். இதையெல்லாம் குழுவில் எழுதினால் கைகூப்பல் குறையும்.

சாவி நூல் அசையவே இல்லையாம். இவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது சாயல. சாஞ்சு முடிச்சிருச்சு."

நவம்பர் 28, வியாழன்

கட்டடங்கள் தீர்ந்துபோய் இப்போது பேய்களுக்கு வந்திருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் - அதாவது ஆபீஸ் நேரத்தில் - போனில் படிக்கிறேன். அந்தப் பக்கத்து மலைகளில் பெர்க்டா என்றொரு கிழவி குளிர்காலத்தில் வீடு வீடாக வருவாளாம். வீடு கூட்டியிருக்கிறதா, பெண்கள் நூற்க வேண்டியதை நூற்று முடித்தார்களா என்று பார்ப்பாளாம். முடிக்காதவள் வயிற்றைக் கீறி வைக்கோலையும் கல்லையும் வைத்துத் தைத்துவிடுவாளாம்.

பக்கத்து மேஜை பானுவிடம் சொன்னேன். "அரே, இன்ஸ்பெக்‌ஷனா? முன்னாடியே சர்க்குலர் வருமா?" என்றாள்.

சிரித்தேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பரணை ஒழித்துச் சுத்தம் செய்தேன். பல வருடமாக இவர் சொல்லி நடக்காத காரியம். ஒரு ஜெர்மன் பேய் சொன்னதும் நடந்துவிட்டது.

டிசம்பர் 4, புதன்

இன்று அங்கே பார்பரா என்னும் புனிதையின் நாள். செர்ரி மரக் கிளையை இன்று வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால், கிறிஸ்துமஸுக்குள் பூக்குமாம். பூத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம்.

ஒன்றும் தெரியாதவள் போல, "ஏதாவது ஒரு கிளையை ஒடிச்சு ஜன்னல்ல வையேன், அழகா இருக்கும்லா. செர்ரி கிடைக்குமா?" என்றேன்.

"அந்தக் கதை எனக்கும் தெரியும்மா" என்றாள்.

இன்று இருட்டியதும் ஊர்ப் பெண்கள் மட்டும் சேர்ந்து தெருக்களில் போவார்களாம். வீட்டுக்காரம்மா அவளையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்கு உடனே கண்முன்னால் ஒரு முளைப்பாரி ஊர்வலம் வந்துவிட்டது. விளக்கு, பாட்டு, வரிசை. "தாராளமாப் போயிட்டு வா. காதை நல்லா மூடிக்கோ" என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் வீடியோ வந்திருந்தது. உமாவின் தோழி எடுத்தது.

இருட்டு. பனி. தெருவின் இரண்டு பக்கமும் அந்தச் சாய்ந்த வீடுகள். முதலில் சத்தம்தான் வருகிறது - இடுப்பில் கட்டிய மாட்டு மணிகளின் சத்தம். பிறகு ஆட்டுத்தோல் போர்த்திய உருவங்கள் ஓடி வருகின்றன. முகத்தில் மரப்பாசியும் பைன் காயும் ஒட்டிச் செய்த முகமூடி. கையில் விளாறு. வழியில் நிற்கும் பையன்களின் காலில் சுளீர் சுளீரென்று போடுகின்றன. பையன்கள் சிரித்துக்கொண்டே தெறித்து ஓடுகிறார்கள். குளிர்காலத்தின் கெட்டதுகளை விரட்டுகிறார்களாம்.

அதில் ஒன்று மட்டும் நகர மன்றத்தின் தூண்களுக்கு நடுவே நின்று, வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. ஊளை என்றால் அப்படி ஒரு ஊளை. எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன்.

அது முகமூடியைக் கழற்றியது.

நான் பெற்ற பிள்ளை.

முடியெல்லாம் வியர்வை. வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். இவளை இப்படி நான் பார்த்ததே இல்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இவரிடம் காட்டினேன். இவர் பார்த்துவிட்டு, "பின்னால நிக்குற தூணு ஓக் மரமா இருக்கும்" என்றார்.

டிசம்பர் 6, வெள்ளி

செத்தேன்.

நகர மன்றத்தில் பனி விழுந்த புகைப்படம் ஒன்று உமா அனுப்பியிருந்தாள். நல்ல படம். அதைச் 'சம்பந்தம்' குழுவுக்கு அனுப்பினேன். கீழே, "எங்கள் உமா இருக்கும் ஊரின் அமைதியான மாலை" என்று எழுதினேன். அனுப்பிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன் - போனது வீடியோ.

பதறிப்போய் அழித்தேன். 'எல்லாருக்கும் அழி' என்பதை அமுக்குவதற்குப் பதில் 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கினேன். ஆக, இப்போது அந்த வீடியோ உலகத்தில் எல்லாரிடமும் இருக்கிறது, என்னைத் தவிர.

பானுவிடம் ஓடினேன். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இனி ஒண்ணும் பண்ண முடியாது ஜெயா. சாய் பியோகீ?" என்றாள்.

டீயைக் குடித்தேன்.

டிசம்பர் 7, சனி

குழுவில் காலை வணக்கம் எதுவும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மதினி பேசினார்கள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. சாவு வீட்டில் பேசுவது போல.

"மதினி, தப்பா நினைக்காதீங்க. பிள்ளைக்கு ஏதும்... சாமி வருமா?"

"அய்யோ அதெல்லாம் இல்ல மதினி. அது அங்க ஒரு வழக்கம். குளிர்காலப் பேயை விரட்டுறது."

"நம்ம பிள்ள விரட்டுதா, இல்ல நம்ம பிள்ளதான் பேயா?"

நல்ல கேள்வி. இதற்கு, "இல்லை, வெறும் வேடம்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நான்தான் ஒரு மாதமாகப் படித்தவளாயிற்றே. பேயை விரட்டப் பேயைப் போலவே வேடம் போட வேண்டும் என்பதில் தொடங்கி, பெர்க்டா கிழவி, வயிற்றைக் கீறுவது, வைக்கோல் வைத்துத் தைப்பது வரை விளக்கினேன்.

கடைசியில் மதினி கேட்டார்கள்: "அந்த ஆஸ்பத்திரியில உமா நர்ஸாத்தான் இருக்கா? பேஷண்டா இல்லையே?"

ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம் என்று அப்போது போய் உண்மையைச் சொன்னேன். நேரம் பார்த்துச் சொல்வதில் எனக்கு நிகர் நான்தான்.

டிசம்பர் 11, புதன்

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த ஹரிஹரன் அண்ணாச்சி பேசினார். "அவங்க வேற இடம் பாக்காங்கம்மா." அவ்வளவுதான். குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சாயங்காலம் பார்த்தால் நானும் இவரும் மட்டும் மிச்சம். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

அழுதேன். இவர் டீ போட்டுக் கொண்டுவந்தார். பிறகு, "ஒரு தலைவலி போச்சு" என்றார்.

"என்னது?"

"கடைசி வருஷப் படிப்பை விட்டுட்டு வரணும்னு சொன்னாங்கள்லா. எனக்கு அன்னைக்கே பிடிக்கல."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த ஜெயா. எப்படிச் சொல்ல?"

டீ கோப்பையை இவர் மேல் எறியலாமா என்று யோசித்தேன். நல்ல கோப்பை என்பதால் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

உமாவிடம் இன்றுதான் சொன்னேன். உன்னால்தான் என்று கத்த வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் அனுப்பியது என் விரல். எப்படிக் கத்துவது? நடந்ததை நடந்தபடி சொன்னேன். 'எனக்கு மட்டும் அழி' உட்பட.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வருடத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டியம்மா அக்டோபரில் இறந்துபோனார்களாம். உமாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே. மறுநாள் அதே அறையில் வேறு ஒருவர் வந்துவிட்டார். இவள் படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறாள். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாம் - நான் அதற்கு, இங்கேயும்தான் ஐந்து மணிக்கு இருட்டுது என்று போன மாதம் சொன்னது ஞாபகம் வந்தது. தூக்கமே இல்லையாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்திருக்கிறாள். அந்த வாரத்தில்தான் நான் ஜாதகம் பொருந்திவிட்டது என்று பேசியிருக்கிறேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பம்மா சொல்ல? நீ எடுத்ததும் சுவரைக் காட்டுன்னு அப்பாகிட்ட குடுப்ப. அப்புறம் மாப்பிள்ளை போட்டோ. அவ்ளோ குஷியா இருந்த. உன்னை எப்படி..."

அந்த வீட்டில் தரையெல்லாம் பழைய பலகை. மேலே ஒரு சத்தம் என்றால் கீழே கேட்கும். இவள் அழுவது வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் மேலே வந்தார்களாம். ஏன், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லையாம். தன்னுடைய பழைய முகமூடியைக் கையில் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டால் நீ யாரென்று ஒருவருக்கும் தெரியாது, எவ்வளவு வேண்டுமானாலும் கத்து என்றார்களாம்.

"கத்தினேம்மா. ரெண்டு மாசத்துக்கும் சேத்துக் கத்தினேன்."

டிசம்பர் 14, சனி

ஒரு கிழவிக்கு, நம் மொழிகூடப் புரியாதவளுக்கு, ஒரு பலகை வழியாகக் கேட்டது. எனக்கு? முகம் பார்த்துப் பேசுகிற போன் வைத்துக்கொண்டு எனக்கு என்ன கேட்டது? அந்த ஊர்க் களஞ்சியத்துக் கூரை எத்தனை அடுக்கு என்று தெரியும். எம்பிள்ள சாப்பிட்டாளா தூங்குனாளா - கேட்டேன்தான், தினமும் கேட்டேன், பதிலுக்கு நின்னேனா?

இவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே காரணம்: நான் சந்தோஷமாக இருந்தேனாம். என் சந்தோஷம் தொற்றுநோய் மாதிரி வீட்டில் எல்லார் வாயையும் அடைத்திருக்கிறது. என்ன பொம்பளடி நீ, ஜெயலட்சுமி?

இதற்குமேல் எழுதினால் நான் எனக்காக அழுவதாக ஆகிவிடும். அதிலும் நான் கெட்டிக்காரி.

டிசம்பர் 25, புதன்

செர்ரிக் கிளை பூத்துவிட்டதாம். உமா காட்டினாள், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளாகவே சொன்னாள்: "கீழ வீட்டுக்காரம்மா வச்ச கிளையும் பூத்திருச்சும்மா. அவங்களுக்கு எழுபத்தாறு வயசு. மாப்பிள்ளை பாக்கியா?"

இன்று முதல் பன்னிரண்டு இரவுகள் அங்கே விசேஷம். இறந்தவர்களின் கூட்டம் ஒன்று குதிரைகளிலும் நாய்களோடும் வானத்தில் பாய்ந்து போகுமாம். அதனால் வெளியே துணி காயப்போடக் கூடாது. அதிலும் வெள்ளைத் துணி கூடவே கூடாது. அந்தக் கூட்டம் அதில் சிக்கிக்கொண்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. நானும் கொடியில் ஒன்றும் போடவில்லை. இவர் பனியன் இல்லாமல் அலைகிறார். "அவங்க இங்க வரணும்னா சென்னை வந்து பிளைட் மாறி வரணும் ஜெயா" என்கிறார்.

டிசம்பர் 26, வியாழன்

இருபது வருடம் ஆகிவிட்டது.

காலையில் கடற்கரையில் இருக்கும் சுனாமி நினைவிடத்துக்குப் போனோம். தம்பி ஸ்ரீதர் அப்போது நிக்கோபாரில் கப்பல் துறையில் வேலையாக இருந்தான். அலை வந்துபோன பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை, உடல்கூட. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உமா பேசினாள். இந்த இரவுகளில் அந்த ஊரில் அறை அறையாகப் புகை காட்டுவார்களாம். என்ன புகை என்று கேட்டேன். "சாம்பிராணிம்மா. அதே வாசனை. எனக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சு." அவளும் வீட்டுக்காரம்மாவும் தணல் சட்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சாய்ந்த வீட்டின் எல்லா அறைக்கும் போயிருக்கிறார்கள். போகும்போது வீட்டுக்காரம்மா தன் புருஷன் பெயரைச் சொன்னார்களாம். உனக்கு யாராவது உண்டா என்று கேட்டார்களாம்.

"மாமா பேரைச் சொன்னேம்மா. முகமே ஞாபகம் இல்ல. ஆனா சொன்னேன்."

இந்தத் தடவை அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். அவள் நிறையச் சொன்னாள்.

ஜனவரி 6, திங்கள்

பன்னிரண்டும் முடிந்தது. கொடி நிறையத் துணி. இவர் முகத்தில் சிரிப்பு.

ஜனவரி 19, ஞாயிறு

ஹரிஹரன் அண்ணாச்சி இன்னொரு ஜாதகம் இருக்கிறது என்றார். "பொண்ணு என்ன செய்யுதுன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் நம்பரைக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் திரும்பப் பேசினார். "உங்க பொண்ணு ரொம்ப மரியாதையா வேண்டாம்னுட்டா" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உமாவோடு பெரிய சண்டை.

மே மாதம் லீவு போட்டு நானும் இவரும் அங்கே வருவதாகச் சொன்னேன். பாஸ்போர்ட் எல்லாம் தயார். கேட்டதும் துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் -

"மே மாசம் வராதீங்க. எனக்குப் பரீட்சை. நீ வந்தா சமைச்சுப் போட்டே என்னைப் படிக்க விடமாட்ட. ஆகஸ்ட்ல வாங்க."

"பெத்தவங்க வர்றதுக்கு நீ நேரம் குறிச்சுக் குடுப்பியா?"

"ஆமா, குடுப்பேன். இன்னொண்ணும் சொல்றேன். பாஸானதும் அந்த இல்லத்துலயே வேலை குடுக்காங்க. சரின்னுட்டேன். உன்கிட்ட கேக்கலம்மா, சொல்றேன்."

நானும் கத்தினேன். அவளும் கத்தினாள். முகமூடி எதுவும் போட்டுக்கொள்ளாமல், வெளிச்சத்தில், என் முகத்தைப் பார்த்தே கத்தினாள். என்ன தொண்டை! போனை வைத்துவிட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு வந்து பார்த்தால் அவளே திரும்ப அழைக்கிறாள். "கோபம் இன்னும் போகல. ஆனா ஆகஸ்ட்ல கண்டிப்பா வரணும். ஊறுகாய் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இவர் சைட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"என்ன சொன்னா?"

"மே மாசம் வராதீங்கன்னுட்டா."

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மனசுல வைக்காம நல்லாச் சொன்னாளா?"

"நல்லாச் சொன்னா" என்றேன்.